மாடியில் அறை கட்டப் போனேன், செலவு கீழ் வீட்டில் வந்தது

திருச்சியில் எங்கள் வீடு 1996-இல் மாமனார் கட்டியது. ஒரே தளம், ஒரு கூடம், இரண்டு அறை. மகள் பிளஸ் டூ வந்ததும் அவள் உட்கார்ந்து படிக்க வீட்டில் இடமே இல்லை என்பது உறைத்தது. அத்தைக்கு முழங்கால் வலி, ஒரு அறை அவருக்கே வேண்டும். வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். வேறு வீடு பார்க்க வசதி இல்லை. மொட்டை மாடி சும்மாதானே கிடக்கிறது, பாத்ரூமோடு ஒரு அறை போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு 240 சதுர அடி, சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்றார். ₹5,76,000. வேலை முடிந்து நான் கூட்டிப் பார்த்தபோது ₹9,66,000 ஆகியிருந்தது. கூடுதலாகப் போன ₹3,90,000-இல் புது அறைக்குள் போனது சொற்பம். பெரும்பாலும் பழைய வீட்டுக்குத்தான் போனது. மேலே கட்டுகிறவர்கள் எல்லாரும் புது அறைக்குச் சதுர அடிக் கணக்குப் போடுகிறோம், அதைத் தாங்கப் போகிற கீழ் வீட்டுக்குக் கணக்கே போடுவதில்லை. யாராவது இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் நகையை அவசர அவசரமாக அடகு வைத்திருக்க வேண்டியதில்லை.

முதல் நாளே மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்து, "அஸ்திவாரம் நல்லா இருக்குக்கா, இன்னும் ரெண்டு மாடி தாங்கும்" என்றார். அஸ்திவாரம் மண்ணுக்குள் இருக்கிறது, சுவரைத் தட்டினால் அது எப்படித் தெரியும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கேள்வி. வீட்டுக்காரரிடம் போனில் சொன்னபோது, "எதுக்கும் ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைக் கூப்பிட்டுப் பாரு" என்றார். இந்த ஒரு விஷயத்தில் பணம் போனதற்கு எனக்கு வருத்தமே இல்லை. என்ஜினியர் வந்து வீட்டின் மூலையில் குழி தோண்டச் சொல்லி அஸ்திவாரத்தின் ஆழம், அகலம், கீழே என்ன மண் என்று பார்த்தார். எங்கள் வீட்டில் பில்லர் கிடையாது. கருங்கல் அஸ்திவாரத்தின் மேல் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதன் மேல் கான்கிரீட் தளம். அந்தக் காலத்து வீடுகள் நிறைய இப்படித்தான். இந்த மாதிரி வீட்டில் எடையைத் தாங்குவது சுவர்கள்தான். அதனால் புதுச் சுவர் பழைய சுவரின் நேர் மேலே வந்தால் பிரச்சினை குறைவு, கூடத்தின் நடுவே தளத்தின் மேல் வந்தால்தான் ஆபத்து என்று விளக்கினார்.

மேஸ்திரி சாக்பீஸால் போட்டுக் காட்டியிருந்த பிளானில் ஒரு பக்கச் சுவர் சரியாகக் கூடத்தின் நடுவில்தான் வந்தது. என்ஜினியர் கணக்குப் போட்டுக் காட்டினார். பத்தடி உயரத்துக்கு நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால் ஓர் அடி நீளத்துக்கே சுமார் 200 கிலோ எடை வரும், பூச்சு தனி. பன்னிரண்டு அடி நீளம் என்றால் இரண்டரை டன் போல ஆகிறது. ஆள் நடமாடும் மொட்டை மாடியை வடிவமைக்கும்போது ஆட்கள், பொருட்கள் சுமைக்கென்று எடுத்துக்கொள்வது சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான், அதாவது சதுர அடிக்குப் பதினான்கு கிலோ. அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் அத்தையின் ஈஸி சேர். கடைசியில் அறையை நகர்த்தி மூன்று பக்கச் சுவரைப் பழைய சுவர்களின் மேல் கொண்டு வந்தோம். நாலாவது பக்கத்துக்கு மட்டும் இரு பக்கச் சுவர்களில் தாங்கி நிற்கும்படி புது கான்கிரீட் பீம் போட்டார்கள். பீம் பழைய தளத்தின் மேல் உட்காராதபடி அடியில் தெர்மாகோல் ஷீட் வைத்துத்தான் கான்கிரீட் ஊற்றினார்கள். அந்தச் சுவரையும் பாத்ரூம் தடுப்பையும் ஏஏசி பிளாக் என்கிற நுரைத்த லேசான கான்கிரீட் கல்லில் கட்டினோம், செங்கலில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் அது. இந்த மாற்றத்துக்கு ₹70,000. கீழ் பாத்ரூம் கூரையில் காரை உப்பியிருந்த இடத்தைத் தட்டிப் பார்த்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து உரிந்துகொண்டிருந்தது. அதைச் சுத்தம் செய்து மருந்தடித்துப் பூச இன்னொரு ₹30,000. மேலே எடை ஏற்றிய பிறகு அதைக் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் பில்லர் இருந்து, மேலே கட்டுவதற்காகக் கம்பி நீட்டி விட்டிருந்தாலும் இதையெல்லாம் பார்க்காமல் விடாதீர்கள். வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் நின்ற கம்பி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும்.

பிளான் அனுமதி விஷயத்தை மேஸ்திரிகள் பேச்சிலேயே எடுக்க மாட்டார்கள். ஒரே ஒரு அறையானாலும் மாடியில் கூடுதலாகக் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். லோன் வாங்குவதாக இருந்தால் அனுமதி பெற்ற வரைபடமும் எஸ்டிமேட்டும் இல்லாமல் வங்கி பேசவே பேசாது. எங்களிடம் பழைய அனுமதி வரைபடம் இல்லை. மாமனாரின் டிரங்குப் பெட்டி, பீரோ, பரண் எல்லாம் தேடி, கடைசியில் பழைய லோன் ஃபைலில் ஒரு நகல் கிடைத்தது. அதற்குள் வாரக்கணக்கில் ஓடிவிட்டது. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில், உரிமையாளரே உறுதி அளித்து இணையத்தில் உடனே அனுமதி பெறும் சுயசான்று முறையைக் கொண்டு வந்தார்கள். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் உள்ள குடியிருப்புகளுக்கு அது. இருக்கும் வீட்டின் மேல் கட்டும் உங்கள் வேலைக்கு அது பொருந்துமா என்று ஆரம்பத்திலேயே என்ஜினியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் வழக்கமான வழியில் போவதற்கு நாள் ஒதுக்க வேண்டும். என்ஜினியர் கட்டணம், குழி, பரிசோதனை, வரைபடம், அனுமதிக் கட்டணம் எல்லாம் சேர்த்து எனக்கு ₹40,000 ஆனது.

இந்தத் தாமதம்தான் என்னை மழைக்குள் தள்ளியது. அனுமதி வந்தபோது ஆடி மாதம். "ஆடியில ஆரம்பிக்க வேண்டாம்மா, ஆவணி பொறக்கட்டும்" என்றார் அத்தை. அவர் மனசு நோக வேண்டாம் என்று காத்திருந்தோம். ஆவணியில் மேஸ்திரிக்கு வேறு இரண்டு இடத்தில் வேலை. எங்கள் மாடியில் கடப்பாரை விழுந்தபோது புரட்டாசி பாதி போயிருந்தது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் வந்துவிடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "மழைக்குள்ள தளம் போட்டுடலாம்கா" என்று அவர் சொன்னதை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மொட்டை மாடியில் நம் காலில் படுவது தட்டோடு என்கிற தட்டையான ஓடு. அதன் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்த சுருக்கி. மழைத்தண்ணீரை ஓரத்துக்கு ஓட்டி விடுகிற வாட்டமும், கான்கிரீட்டுக்கு ஈரம் போகாமல் காக்கிற காப்பும் அதுதான். சுவர் வரும் கோட்டில் மட்டும், அறைக்குள் வரும் பரப்பில் மட்டும் பெயர்த்திருந்தால் போதும். ஆட்கள் ஒரே நாளில் மாடியில் பாதிக்கு மேல் பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். பெயர்த்த ரப்பிஷை அள்ளி, தண்ணீர் போகும் குழாய் வாயிலேயே குவித்து வைத்திருந்தார்கள். சுவர் இடுப்பளவு எழும்பியபோது ஒரு ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. விடிவதற்குள் கூடத்துக் கூரையில் ஃபேன் மாட்டிய கொக்கி வழியாகத் தண்ணீர் சொட்டியது, வயரிங் பைப்புக்குள் இறங்கி இரண்டு அறையில் கரண்ட் போனது. அத்தையைக் கட்டிலோடு சமையலறைப் பக்கம் நகர்த்தி, பிள்ளைகளை எதிர்வீட்டில் படுக்கச் சொல்லிவிட்டு, நான் மட்டும் மாடியில் டார்ச் பிடித்துக்கொண்டு ரப்பிஷைக் கையால் அள்ளினேன். வீட்டுக்காரரிடம் போன் பண்ணி அழுதேன். அவரால் அங்கிருந்து என்ன செய்ய முடியும், பாவம்.

கூடத்துக் கூரை, வயரிங், பெயின்ட் என்று ₹55,000 அந்த மழைக்குப் போனது. பெயர்த்திருக்கவே வேண்டாத இடத்தில் மறுபடி சுருக்கியும் தட்டோடும் போட இன்னொரு ₹45,000. அதனால் சொல்கிறேன், மாடி வேலையைத் தையில் ஆரம்பியுங்கள். பிளான், அனுமதி, பணம் எல்லாவற்றையும் மழைக்காலத்தில் முடித்துக்கொண்டு, பொங்கல் கழித்துக் கடப்பாரை எடுத்தால் வெயில் முடிவதற்குள் கூரை மேலே வந்துவிடும். எவ்வளவு பெயர்க்க வேண்டும் என்று நீங்களே நின்று கோடு போட்டுக் கொடுங்கள். பெயர்த்த விளிம்பைச் சுற்றி அன்றைக்கே சிமென்ட் கலவையால் ஒரு வரப்புக் கட்டச் சொல்லுங்கள், மீதி மாடித் தண்ணீர் உள்ளே வராது. தண்ணீர் போகும் குழாய் வாயில் ஒரு சட்டி மண்கூட வைக்க விடாதீர்கள். தார்ப்பாய் வாடகைக்கு எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், மழை வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

மாடியில் பொருள் ஏற்றி வைப்பதையும் யாரும் கவனிப்பதில்லை. பாறையை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் மணல் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, நாலரை டன்னுக்குக் குறையாது. அதை மொத்தமாக மேலே ஏற்றிக் கூடத்தின் நடுவில் ஒரே குவியலாகக் கொட்டினால் என்ன ஆகும் என்று மேலே சொன்ன பதினான்கு கிலோவை வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். செங்கல் அடுக்கும் அப்படித்தான். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் ஏற்றி, கீழே சுவர் இருக்கிற கோட்டை ஒட்டிப் பரப்பி வைக்கச் சொன்னார் என்ஜினியர். ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை, ஏற்றுக்கூலி கொஞ்சம் கூடியது. நான் விடவில்லை.

கான்கிரீட் போட்ட அன்று நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மிக்சர் மெஷின் பக்கத்திலேயே நின்றேன். தள்ளுவதற்குச் சுலபமாக இருக்கும் என்று கலவையில் தண்ணீரைக் கூட்டிவிடுவார்கள், தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் பலம் குறையும். தளம் போட்ட நாலாம் நாளே, கான்கிரீட்டைத் தாங்க அடியில் தகடும் முட்டும் கொடுத்த சென்ட்ரிங்காரர் எல்லாவற்றையும் கழற்ற வந்து நின்றார், அவருக்கு அடுத்த இடத்தில் வேலை. ஐஎஸ் 456 என்ற இந்திய விதியின்படி நாலரை மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள் இருக்க வேண்டும், அதற்கு மேல் என்றால் 14 நாள். ஆறு மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள். என்ஜினியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளைக் காட்டினேன். கூடுதல் நாளுக்கு வாடகை கேட்டார், கொடுத்தேன். கான்கிரீட் காயாமல் இறுகுவதற்காகத் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதையும் நானும் மகளும் பார்த்துக்கொண்டோம். மழைதான் பெய்கிறதே என்று மேஸ்திரி சொன்னார். விட்டு விட்டுப் பெய்கிற மழையில் இடைவேளையில் வெயில் அடித்தால் மேல்பரப்பு காய்ந்துவிடும், அதனால் பாத்தியில் தண்ணீர் நிற்கிறதா என்று தினமும் ஏறிப் பார்த்தோம்.

இத்தனைக்கும் நடுவில் பூச்சு வேலை பாதியில் இருக்கும்போது மேஸ்திரி வருவதை நிறுத்திவிட்டார். போன் எடுக்கவில்லை. செய்த வேலையை விட ₹40,000 அவர் கையில் கூடுதலாகப் போயிருந்தது, அது திரும்பி வரவே இல்லை. பெண் மட்டும் இருக்கிற வீடு என்பதால் ஒவ்வொரு வாரமும் "ஆளுக்குக் கூலி கொடுக்கணும்கா" என்று வந்து நின்றால் இல்லை என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. வேறு கொத்தனாரைப் பிடித்து மீதியை முடித்தேன். நீங்கள் சனிக்கிழமைக் கணக்குக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு ஜன்னலின் மேல்விட்டம் வரை வந்தால் இவ்வளவு, தளம் போட்டால் இவ்வளவு, பூச்சு முடிந்தால் இவ்வளவு என்று கட்டம் கட்டமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பத்தில் ஒரு பங்கையாவது கடைசி வரை பிடித்து வையுங்கள். சதுர அடி ரேட்டுக்குள் என்னென்ன அடங்கும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். டைல்ஸ் என்றால் சதுர அடி எத்தனை ரூபாய் வரை, ஜன்னல் கிரில் உண்டா, புதுக் கூரையின் மேல் தட்டோடு போடுவது சேர்த்தியா, ரப்பிஷ் அள்ளுவது யார் செலவு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற ஆள் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டி விஷயம் அறை கிட்டத்தட்ட முடிந்த பிறகுதான் தெரிந்தது. பழைய 1,000 லிட்டர் தொட்டி மொட்டை மாடியிலேயே ஒரு சின்ன மேடையில் இருந்தது. கீழ் வீட்டுக்கு அது உயரம், மாடி பாத்ரூமுக்கு அது தரைமட்டம். ஷவரில் சொட்டுத் தண்ணீர் வராது. தொட்டியைப் புதுக் கூரைக்கு மேலே ஏற்ற வேண்டியதாயிற்று. நிறைந்த தொட்டி ஒரு டன், அதனால் சுவர்கள் சேரும் மூலைக்கு மேல்தான் வைக்க வேண்டும். குழாயும் சேர்த்து ₹25,000. பாத்ரூமை மட்டும் முதலிலேயே கீழ் பாத்ரூமுக்கு நேர் மேலே வைத்ததால் கழிவுக் குழாய் வெளிச்சுவரிலேயே நேராக இறங்கிவிட்டது. ஏற்கெனவே இருக்கிற தளத்தைக் குடைய முடியாது என்பதால் மாடி பாத்ரூமின் தரையை உயர்த்தித்தான் குழாய்க்கு வாட்டம் கிடைக்கும், அதாவது உள்ளே போக ஒரு படி ஏற வேண்டும். கழிவு சுவர் வழியாகப் பின்பக்கம் வெளியேறும் பி-டிராப் கழிப்பறைக் கோப்பை வாங்கினால் உயர்த்துகிற அளவு குறையும். டைல்ஸ் ஒட்டும் முன் பாத்ரூம் தரையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திவிட்டுக் கீழே போய்க் கூரையைப் பாருங்கள். எனக்கு ஒரு மூலையில் ஈரம் தெரிந்தது, அப்போதே சரி செய்ததால் செலவு பெரிதாகவில்லை.

படிக்கட்டுக்கு ₹85,000 ஆனது. துணி காயப்போட ஏறி இறங்கிய வெளிப்படி அது, செங்குத்தாக, மேலே மூடாமல் இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு மழையில் என் பெண் அதில் இறங்கி வரப் போகிறாள் என்று நினைத்ததுமே அதைச் சரிசெய்யாமல் அறையைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன். படி உயரத்தைக் குறைத்து, கைப்பிடி வைத்து, மேலே ஹெட்ரூம் என்கிற மூடிய கூரை கட்டி, பூட்டுகிற கதவு போட்டோம்.

வெயில் வந்தபோது அறை கொதித்தது. கீழ் வீட்டுக்கு மேலே இப்போது ஒரு அறை நிழல் தருகிறது, அத்தையின் அறை முன்னைவிடக் குளிர்ச்சி. மேல் அறைக்கு யார் நிழல் தருவது? கூரையில் வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ் ஒட்டியிருந்ததால் ராத்திரி தாங்க முடிகிறது, ஆனால் மேற்குச் சுவர் சித்திரை மாதச் சாயங்காலம் தொட்டால் சுடுகிறது. கட்டும்போதே மேற்கில் ஜன்னலைத் தவிர்த்து, சன்ஷேடை அகலமாக விட்டு, எதிரெதிராக இரண்டு ஜன்னல் வைத்துவிடுங்கள். பிறகு ஏசி வாங்கிச் சமாளிக்கலாம் என்றால் கரண்ட் பில் மாதாமாதம் வரும்.

வேலை முடிந்ததும் சொத்து வரிக்குக் கூடுதல் பரப்பைத் தெரிவித்து மாற்றிக்கொண்டோம். பூசுவதற்கு முன் சுவருக்குள் குழாயும் வயரும் போகிற இடத்தையும், கான்கிரீட்டுக்கு முன் கம்பி கட்டியதையும் அளவு டேப் வைத்துப் போட்டோ எடுத்திருந்தேன். அதையும் குழியில் பார்த்த அஸ்திவார அளவையும் என்ஜினியரின் கணக்கையும் ஒரே ஃபைலில் போட்டுப் பழைய வரைபடத்தோடு வைத்திருக்கிறேன். இந்த வீட்டின் மேல் இதற்கு மேல் இன்னொரு தளம் கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்த தாள் அதில் முதலாவதாக இருக்கிறது. பிள்ளைகள் இருவரிடமும் அதைப் படித்துக் காட்டிவிட்டேன்.